பல பொருள் தரும் ஆங்கிலச் சொற்களுக்கு ஒத்த சொற்களைக் கற்பது எப்படி? – அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஆங்கிலத்தில் ஒரே சொல் இடத்துக்கு இடம் வெவ்வேறு பொருள் தரும்போது, அதற்குரிய ஒத்த சொல்லை, அதாவது சினானிமை, எப்படித் தேர்ந்தெடுத்துக் கற்பது என்று மாணவர்களும் போட்டித் தேர்வுக்குப் படிப்பவர்களும் அலுவலகத்தில் ஆங்கிலம் எழுதுபவர்களும் கேட்கும் கேள்விகளுக்கு இங்கே விடை தரப்பட்டுள்ளது. ஆங்கிலச் சொற்கள் யாவும் ஒலிப்புப்படி தமிழ் எழுத்தில் எழுதப்பட்டுள்ளன; எழுத்துக்கூட்டலை அகராதியில் பார்த்துக்கொள்ளவும்.

ஒரு சொல்லுக்கு நான்கைந்து சினானிம்களை மனப்பாடம் செய்தும் தேர்வில் தவறிவிடுகிறேன். காரணம் என்ன?

பெரும்பாலும் மனப்பாடம் செய்த பட்டியலே காரணம். சினானிம் என்பது சொல்லுக்கு உரியது அன்று; அந்தச் சொல்லின் ஒரு குறிப்பிட்ட பொருளுக்கு உரியது. 'ஃபேர்' என்ற சொல்லை எடுத்துக்கொள்வோம். நடுவர் அளித்த தீர்ப்பு 'ஃபேர்' என்றால் அது நியாயமானது. அங்கே 'ஜஸ்ட்', 'இம்பார்ஷியல்' ஆகியவை பொருந்தும். மாணவரின் மதிப்பெண் 'ஃபேர்' என்றால் அது சுமார்தான். 'ஆவரேஜ்', 'மாடரேட்' என்பவையே பொருந்தும். தலைமுடியோ தோலோ 'ஃபேர்' என்றால் வெளிர் நிறம். 'லைட்', 'பேல்' என்று சொல்லலாம். வானிலை 'ஃபேர்' என்றால் 'கிளியர்', 'ஃபைன்'. பெயர்ச்சொல்லாக வந்தால் கண்காட்சி அல்லது சந்தை. 'எக்ஸிபிஷன்' என்பது அங்கே ஒத்த சொல். இவை அனைத்தையும் ஒரே வரியில் எழுதிப் படிப்பவர், 'எ ஃபேர் ஜட்ஜ்' என்ற தொடருக்கு 'பேல்' என்று விடையளித்தால் வியப்பில்லை. அவர் படித்த பட்டியலில் அந்தச் சொல்லும் இருந்ததுதானே!

எனவே முதலில் பொருளைப் பிரித்துக்கொள்ள வேண்டும். பிறகு அந்தந்தப் பொருளுக்கு உரிய ஒத்த சொல்லைச் சேர்க்க வேண்டும். கீழே வரும் விடைகள் பெரும்பாலும் இந்த ஒரு கருத்தின் விரிவே ஆகும்.

ஒரே சொல்லுக்கு இத்தனை பொருள் எப்படி வந்தது?

இரண்டு வழிகளில் வந்தது. முதல் வழி, ஒரு பொருள் மெல்ல மெல்லக் கிளைத்து விரிவது. 'மவுத்' என்பது வாய். ஆறு கடலோடு கலக்கும் முகத்துவாரமும் 'மவுத்'தான், குகையின் வாயிலும் 'மவுத்'தான். இங்கே பொருள்களுக்கு இடையே உறவு தெளிவாகத் தெரிகிறது. இரண்டாவது வழி, தொடர்பே இல்லாத சொற்கள் காலப்போக்கில் ஒரே ஒலிப்பையும் ஒரே எழுத்துக்கூட்டலையும் பெற்றுவிடுவது. ஓசை என்னும் பொருள் தரும் 'சவுண்ட்' இலத்தீனிலிருந்து பிரெஞ்சு வழியாக வந்தது. குறையற்றது, உறுதியானது என்னும் பொருள் தரும் 'சவுண்ட்' பழைய ஆங்கிலத்திலேயே இருந்தது. இரண்டும் உருவத்தில் ஒன்றாகிவிட்டன, பிறப்பில் வேறு.

இந்த வேறுபாடு படிப்பவருக்கு ஏன் தேவை? முதல் வகையில் மூலப் பொருளைப் பிடித்துக்கொண்டால் மற்றவற்றை ஓரளவு ஊகிக்க முடியும். இரண்டாவது வகையில் ஊகம் உதவாது. தனித்தனிச் சொற்களாகவே படித்தாக வேண்டும். ஆங்கிலத்தில் சின்னஞ்சிறு சொற்கள்தான் மிகுதியான பொருளைச் சுமக்கின்றன. 1989-இல் வெளிவந்த ஆக்ஸ்ஃபோர்டு பேரகராதியின் இரண்டாம் பதிப்பில் 'செட்' என்ற மூன்றெழுத்து வினைச்சொல்லுக்கு மட்டும் 430-க்கும் மேற்பட்ட பொருள்கள் தரப்பட்டிருந்தன.

அப்படியானால் ஒவ்வொரு சொல்லுக்கும் எல்லாப் பொருளையும் படிக்க வேண்டுமா?

தேவையில்லை. மைக்கேல் வெஸ்ட் என்ற மொழிக் கல்வியாளர் 1953-இல் ஏறத்தாழ 2,000 அடிப்படை ஆங்கிலச் சொற்களின் பட்டியலை வெளியிட்டபோது, ஒவ்வொரு சொல்லின் பயன்பாட்டிலும் எந்தப் பொருள் எத்தனை விழுக்காடு வருகிறது என்பதையும் குறித்துக் காட்டினார். ஒரு சொல்லின் பொருள்கள் எல்லாம் சம அளவில் வழங்குவதில்லை என்பது அதில் வெளிப்படையாகத் தெரிகிறது: இரண்டு மூன்று பொருள்கள் பெரும்பங்கைப் பிடித்துக்கொள்ள, எஞ்சியவை ஓரத்தில் நிற்கின்றன. அன்றாட வாசிப்பில் எதிர்ப்படும் அந்த முதல் மூன்று பொருள்களை முதலில் கற்றுக்கொண்டு, மற்றவற்றை அவை எதிர்ப்படும்போது சேர்த்துக்கொள்வதே போதுமானது.

இதில் ஓர் எச்சரிக்கை தேவை. அகராதியில் முதலாவதாக இருக்கும் பொருள்தான் மிகுதியாக வழங்கும் பொருள் என்று எல்லா அகராதிகளிலும் கொள்ள முடியாது. ஆக்ஸ்ஃபோர்டு பேரகராதி போன்றவை வரலாற்று வரிசையில், அதாவது பழைய பொருளை முதலில் வைத்து, அமைந்தவை. ஆங்கிலம் கற்போருக்கென்றே தொகுக்கப்பட்ட 'லேர்னர்ஸ்' அகராதிகள் பொதுவாக வழக்கில் மிகுந்த பொருளை முன்னால் வைக்கின்றன. ஒத்த சொல் படிப்பவர் கையில் இருக்க வேண்டியது இந்த வகை அகராதியே.

ஒரு வாக்கியத்தில் சொல் எந்தப் பொருளில் வந்திருக்கிறது என்பதை எப்படிக் கண்டறிவது?

முதலில் சொல்லின் இலக்கண வகையைப் பார்க்க வேண்டும்: பெயரா, வினையா, பெயரடையா? 'அட்ரஸ்' பெயராக வந்தால் முகவரி அல்லது உரை. வினையாக வந்தால் பேசுதல் அல்லது ஒரு சிக்கலைத் தீர்க்க முற்படுதல். இந்த ஒரு சோதனையிலேயே பாதிக் குழப்பம் தீர்ந்துவிடும்.

அடுத்து, பக்கத்தில் நிற்கும் சொல்லைப் பார்க்க வேண்டும். 'சவுண்ட்' என்பதன் அருகில் 'ஸ்லீப்' இருந்தால் ஆழ்ந்த உறக்கம், எனவே 'டீப்'. 'அட்வைஸ்' இருந்தால் அறிவார்ந்த ஆலோசனை, எனவே 'சென்சிபிள்' அல்லது 'வைஸ்'. கட்டடத்தைப் பற்றிய வாக்கியமானால் 'சாலிட்' அல்லது 'ஸ்டர்டி'. சொல்லை அடுத்து வரும் சிறு இடைச்சொல்லும் பொருளை மாற்றிவிடும். 'டயர்ட்' என்று மட்டும் வந்தால் களைப்பு, 'எக்ஸாஸ்டட்' பொருந்தும். 'டயர்ட் ஆஃப்' என்று வந்தால் சலிப்பு, அங்கே 'ஃபெட் அப் வித்' என்பதே பொருந்தும். காலையில் நன்றாகத் தூங்கி எழுந்தவரும் தம் வேலையில் 'டயர்ட் ஆஃப்' நிலையில் இருக்க முடியும்.

மூன்றாவதாக எதிர்ச்சொல் சோதனை. இது மிக எளியது. ஆனால் பலரும் பயன்படுத்துவதில்லை. பையைக் குறித்து 'லைட்' என்று சொன்னால் அதன் எதிர்ச்சொல் 'ஹெவி'. நிறத்தைக் குறித்துச் சொன்னால் 'டார்க்'. கடினம் என்னும் பொருள்தரும் 'ஹார்ட்' தரையைக் குறித்தால் எதிர்ச்சொல் 'சாஃப்ட்', வினாவைக் குறித்தால் 'ஈஸி'. 'ஓல்ட்' மனிதரைக் குறித்தால் 'யங்', பொருளைக் குறித்தால் 'நியூ'. எதிர்ச்சொல் மாறினால் பொருள் மாறியிருக்கிறது என்று அறியலாம்; பொருள் மாறினால் ஒத்த சொல்லும் மாறியாக வேண்டும். தரை 'ஹார்ட்' என்றால் 'ஃபர்ம்', 'சாலிட்'; வினா 'ஹார்ட்' என்றால் 'டிஃபிகல்ட்', 'டஃப்'. எதிர்ச்சொல் ஒன்றும் நினைவுக்கு வராத சொற்களில் இந்தச் சோதனை பயன்படாது. அங்கே அண்டைச் சொற்களை நம்பியே பொருள் காண வேண்டும்.

எழுத்துக்கூட்டல் ஒன்று, ஒலிப்பு வேறு என்றால் என்ன செய்வது?

அவற்றை இரண்டு சொற்களாகவே கருதவும். 'கான்டென்ட்' என்பதில் முதல் அசையை அழுத்திச் சொன்னால் உள்ளடக்கம். இரண்டாம் அசையை அழுத்திச் சொன்னால் மனநிறைவு, அதற்கு 'சேட்டிஸ்ஃபைட்' ஒத்த சொல். 'மினிட்' என்று படித்தால் நிமிடம். அதே எழுத்துகளை 'மைன்யூட்' என்று படித்தால் மிகச் சிறியது, அதாவது 'டைனி'. குறிப்பேட்டில் ஒலிப்பையும் சேர்த்து எழுதிவைத்தால் இவை குழம்புவதில்லை.

குறிப்பேட்டில் எப்படி எழுதிவைக்க வேண்டும்?

'இஷ்யூ' என்ற சொல்லை எழுதும் முறையைக் காட்டுவது விளக்கத்தைவிடப் பயன் தரும். பக்கத்தின் மேலே சொல்லை எழுதியபின், உடனே ஒத்த சொற்களை எழுதாமல், அந்தச் சொல் வந்த ஒரு சிறு தொடரை எழுதவும். 'எ சீரியஸ் இஷ்யூ' என்பது முதல் தொடர். பக்கத்தில் தமிழில் 'சிக்கல், விவகாரம்' என்றும், ஒத்த சொற்களாக 'ப்ராப்ளம்', 'மேட்டர்' என்றும் எழுதவும். ஒரு வரி இடம் விட்டு, 'த லேட்டஸ்ட் இஷ்யூ ஆஃப் த மேகசின்' என்ற தொடர். தமிழில் 'இதழ்', ஒத்த சொல் 'எடிஷன்'. அடுத்து 'டு இஷ்யூ எ ஸ்டேட்மென்ட்'. தமிழில் 'வெளியிடுதல்', ஒத்த சொற்கள் 'ரிலீஸ்', 'பப்ளிஷ்'. பிறகு 'டு இஷ்யூ எ பாஸ்போர்ட்'. இங்கே 'வழங்குதல்', ஒத்த சொல் 'கிராண்ட்'. சட்ட ஆவணங்களில் 'இஷ்யூ' என்பதற்குச் சந்ததி என்றும் பொருள் உண்டு, 'ஆஃப்ஸ்ப்ரிங்' ஒத்த சொல். அது தேவைப்படும் வரை அந்த இடத்தை வெறுமையாகவே விட்டுவைக்கலாம்.

ஒவ்வொரு பொருளுக்கும் கீழே இடம் விடுவது முக்கியம். புதிய சொல்லை வாசிப்பில் காணும்போது, அது எந்தப் பொருளின் கீழ் போய்ச் சேரும் என்று முடிவு செய்வதே பயிற்சியின் பாதி. முடிவு செய்ய முடியவில்லை என்றால் அந்தப் பொருள் இன்னும் பிடிபடவில்லை என்று தெரிந்துகொள்ளலாம். ஒரு பொருளுக்கு இரண்டு ஒத்த சொற்கள் போதும். பத்து எழுதுவது பக்கத்தை நிரப்புமே தவிர நினைவை நிரப்பாது.

தமிழ்ப் பொருளை எழுதிப் படிப்பது தவறு, ஆங்கிலத்திலேயே படிக்க வேண்டும் என்கிறார்களே?

இந்த ஒரு வேலைக்குத் தமிழைப்போல் உதவும் கருவி வேறில்லை என்பதே என் கருத்து. 'ஃபேர்' என்ற ஒரு சொல்லுக்குள் ஒளிந்திருக்கும் பொருள்களை நியாயம், சுமார், வெளிர், சந்தை என்று தமிழ் நான்காகப் பிரித்துக் காட்டிவிடுகிறது. ஆனால் ஒரு சொல்லுக்கு ஒரே தமிழ்ப் பொருள் என்று எழுதும் பழக்கம்தான் தவறு. அதைத்தான் ஆசிரியர்கள் கண்டிக்கிறார்கள் என்று கொள்ளலாம்.

எதிர்த் திசையிலும் இதே கவனம் தேவை. 'பிடி' என்ற நம் சொல்லைப் பாருங்கள்: மீன் பிடிக்கிறோம், பேருந்தைப் பிடிக்கிறோம், குடையைப் பிடிக்கிறோம், சளி பிடிக்கிறது, ஒருவரைப் பிடிக்கிறது. ஆங்கிலத்தில் மீனுக்கும் பேருந்துக்கும் சளிக்கும் 'கேட்ச்' பொருந்தும், குடைக்கு 'ஹோல்ட்', மனத்துக்குப் பிடிப்பது 'லைக்'. தமிழ்ச் சொல் ஒன்று என்பதால் இந்த மூன்றும் ஒன்றுக்கொன்று சினானிம் ஆகிவிடாது.

தமிழ் வழியில் வந்தவருக்கு இந்தப் பாகுபாடு புதியதும் அன்று. தொல்காப்பிய உரியியல் 'கடி' என்ற ஒரே சொல்லுக்குக் கூர்மை, காப்பு, புதுமை, விரைவு, அச்சம் உட்படப் பத்துப் பொருளை ஒரே நூற்பாவில் அடுக்குகிறது. சூடாமணி நிகண்டும் ஒரு பொருளுக்குரிய பல பெயர்களைச் சில தொகுதிகளிலும், ஒரு சொல்லுக்குரிய பல பொருள்களைத் தனித் தொகுதியிலும் பிரித்தே வைத்தது.

தெசாரஸ், அதாவது ஒத்த சொற்களைத் தொகுத்துத் தரும் நூல், பார்த்துப் படிக்கலாமா?

பொருளை அறிந்த பிறகு பார்க்கலாம். பொருளை அறிவதற்காகப் பார்க்கக் கூடாது. பீட்டர் மார்க் ரோஜே என்ற ஆங்கில மருத்துவர் 1852-இல், தமது 73-ஆம் வயதில், தெசாரஸை வெளியிட்டபோது சொற்களை அகர வரிசையில் அடுக்கவில்லை. 1,000 கருத்துத் தலைப்புகளின் கீழ் வகைப்படுத்தினார். கருத்து மனத்தில் இருக்கிறது, சொல் நாவில் வரவில்லை என்னும் நிலையில் இருப்பவருக்காகச் செய்யப்பட்ட ஏற்பாடு அது. சொல்லே புதிதாக இருப்பவர் அதில் இறங்கினால் எதை எடுப்பது என்று தெரியாமல் திண்டாடுவார்.

இணையத்தில் கிடைக்கும் 'வேர்ட்நெட்' இந்தக் குறையை வேறு விதமாகத் தீர்க்கிறது. அமெரிக்காவின் பிரின்ஸ்டன் பல்கலைக்கழகத்தில் ஜார்ஜ் மில்லர் என்ற உளவியலாளரின் தலைமையில் 1985-இல் தொடங்கப்பட்ட இந்தச் சொற்களஞ்சியத்தில், அடிப்படை அலகு சொல் அன்று. ஒரே பொருள் தரும் சொற்களின் தொகுப்பு. பல பொருள் உடைய சொல் அத்தனை தொகுப்புகளிலும் தனித்தனியே இடம்பெறும். நாம் குறிப்பேட்டில் கையால் செய்வதைத்தான் அது பெரிய அளவில் செய்திருக்கிறது.

ஒரே பொருளுக்கு உரிய ஒத்த சொற்களை ஒன்றுக்குப் பதில் ஒன்றாக எங்கும் பயன்படுத்தலாமா?

எங்கும் முடியாது. 'பிக் ஹவுஸ்' என்பதை 'லார்ஜ் ஹவுஸ்' என்று மாற்றலாம். 'பிக் சிஸ்டர்' என்பதை 'லார்ஜ் சிஸ்டர்' என்று மாற்றினால், அக்கா உடல் பருத்தவர் என்று சொன்னதாகிவிடும். அங்கே 'எல்டர்' என்பதே ஒத்த சொல். 'பிக்' என்பதற்கு அளவு, வயது என்னும் இரண்டு பொருள் உண்டு என்பதும், 'லார்ஜ்' அளவை மட்டுமே குறிக்கும் என்பதும் இதில் வெளிப்படுகின்றன.

பொருள் சரியாக இருந்தும் தொனி தவறலாம். 'ஸ்லிம்' என்பது பாராட்டு. 'ஸ்கின்னி' என்பது பெரும்பாலும் குறை சொல்வது. இரண்டும் ஒல்லி என்றே தமிழில் எழுதிவைத்தவர் பாராட்ட நினைத்து மனத்தைப் புண்படுத்திவிடக்கூடும். இடத்துக்கேற்ற மரியாதையும் உண்டு. 1066-இல் நார்மானியர் இங்கிலாந்தைக் கைப்பற்றியபின் பிரெஞ்சுச் சொற்களும், பின்னர் கல்வி வழியாக இலத்தீன் சொற்களும் ஆங்கிலத்தில் குவிந்ததால், ஒரே கருத்துக்கு மூன்று தரத்தில் சொற்கள் நிற்பதைக் காணலாம். கேட்பதற்கு 'ஆஸ்க்' பழைய ஆங்கிலச் சொல், 'கொஸ்டின்' பிரெஞ்சு வழி வந்தது, 'இன்டராகேட்' இலத்தீன் வழி வந்தது. நண்பரிடம் வழி கேட்பதை 'இன்டராகேட்' என்று எழுதினால் காவல் நிலைய விசாரணை போல் ஆகிவிடும்.

வழக்கில் ஒன்றோடொன்று சேர்ந்து வரும் இணைகளும் உண்டு. கனமழைக்கு 'ஹெவி ரெயின்'. கடும் காற்றுக்கு 'ஸ்ட்ராங் விண்ட்'. இவற்றை இடம் மாற்றி 'ஸ்ட்ராங் ரெயின்' என்று சொன்னால் பொருள் விளங்கும், ஆனால் ஆங்கிலக் காதுக்கு உறுத்தும். இதற்கு விதி கிடையாது. ஒத்த சொல்லைத் தனியாக எழுதாமல் அதன் துணைச் சொல்லோடு எழுதிவைப்பதுதான் வழி.

ஒரே சொல்லுக்கு நேர் எதிரான இரண்டு பொருள் இருக்க முடியுமா?

முடியும். 'சேங்ஷன்' என்பது அனுமதியையும் குறிக்கும், தண்டனைத் தடையையும் குறிக்கும். முதலதற்கு 'அப்ரூவல்', பின்னதற்கு 'பெனால்ட்டி'. 'ஓவர்சைட்' என்பது மேற்பார்வையாகவும் இருக்கலாம், கவனக் குறைவால் நேர்ந்த பிழையாகவும் இருக்கலாம். ஒரு தீர்மானத்தை 'டேபிள்' செய்வது பிரிட்டிஷ் ஆங்கிலத்தில் விவாதத்துக்கு முன்வைப்பது. அமெரிக்க ஆங்கிலத்தில் தள்ளிவைப்பது. அலுவல் கடிதங்களில் இத்தகைய சொற்களைத் தவிர்த்து, ஒத்த சொல்லையே நேரடியாக எழுதிவிடுவது பாதுகாப்பு.

தேர்வில் தரும் நான்கு விடைகளும் சரிபோல் தோன்றினால்?

பல நேரங்களில் நான்கும் உண்மையிலேயே ஒத்த சொற்களாகத்தான் இருக்கும்; வினா அமைப்பவர் வேண்டுமென்றே அப்படி வைப்பார். 'ஹி டினைட் த சார்ஜ் ஆஃப் தெஃப்ட்' என்ற வாக்கியத்தில் 'சார்ஜ்' என்பதற்கு 'ஃபீ', 'அட்டாக்', 'அக்யூசேஷன்', 'கஸ்டடி' என்று விடைகள் தரப்பட்டதாகக் கொள்வோம். கட்டணமும் தாக்குதலும் குற்றச்சாட்டும் பொறுப்பும் 'சார்ஜ்' என்பதன் பொருள்களே. விடைகளைப் பார்க்கும் முன் அவற்றைக் கையால் மறைத்துக்கொண்டு, வாக்கியத்தை மட்டும் படித்து, அந்தச் சொல்லுக்குத் தமிழில் என்ன சொல்வோம் என்று முதலில் முடிவு செய்யவும். 'திருட்டுக் குற்றச்சாட்டை மறுத்தான்' என்பது மனத்தில் வந்துவிட்டால் 'அக்யூசேஷன்' தவிர வேறெதுவும் கண்ணில் படாது. விடைகளை முதலில் படிப்பவருக்குத்தான் நான்கும் சரியாகத் தோன்றும்.

பிறகு தேர்ந்த சொல்லை வாக்கியத்தில் வைத்து ஒருமுறை படித்துப் பார்க்க வேண்டும். காலமும் ஒருமை பன்மையும் ஒத்துப்போகவில்லை என்றால் அது வேறு இலக்கண வகைச் சொல்லாக இருக்கக்கூடும்.

வாக்கியமே இல்லாமல் சொல்லை மட்டும் கொடுத்தால்?

அப்போது விடைகளே சூழல். ஒவ்வொரு விடைச் சொல்லையும் எடுத்து, கேட்ட சொல்லின் ஏதாவது ஒரு பொருளோடு அது பொருந்துகிறதா என்று பார்க்கவும். இத்தகைய வினாக்களில் பழக்கமான பொருளை விட்டுவிட்டு, அரிய பொருளைக் கேட்பதும் உண்டு: 'கிரேவ்' என்று கொடுத்துவிட்டு, கல்லறை தொடர்பான சொல் எதையும் தராமல், 'சீரியஸ்' என்பதை விடையாக வைப்பார்கள்.

படித்தவை சில நாளில் மறந்துவிடுகின்றன. எப்படித் திருப்பிப் பார்ப்பது?

மறதி தொடக்கத்தில்தான் வேகமாக நிகழ்கிறது என்பதை எபிங்ஹவுஸ் என்ற ஜெர்மானிய உளவியலாளர் 1885-இல் வெளியிட்ட தம் ஆய்வில் காட்டினார். ஆகவே படித்த மறுநாளே ஒருமுறையும், பின்னர் இடைவெளியைக் கூட்டிக்கொண்டே சில முறையும் பார்ப்பது, ஒரே நாளில் திரும்பத் திரும்பப் படிப்பதைவிடப் பயன் தரும். பார்க்கும்போது ஒத்த சொற்களை மறைத்துவிட்டுத் தொடரை மட்டும் படிக்கவும்: 'எ சவுண்ட் ஸ்லீப்' என்று கண்டதும் 'டீப்' என்பது தானாக வர வேண்டும். 'சவுண்ட்' என்ற சொல்லை மட்டும் பார்த்து எல்லாச் சினானிம்களையும் ஒப்பிக்க முயன்றால் பழைய பட்டியல் படிப்புக்கே திரும்பிவிடுவோம். ஒரு தொடருக்கு இருமுறை தவறான விடை வந்தால் அந்தத் தொடரை மாற்றி, அதே பொருளில் வேறொரு வாக்கியத்தை அகராதியிலிருந்து எடுத்து எழுதிக்கொள்ளவும். பெரும்பாலும் குறை நினைவில் இருப்பதில்லை, முதலில் எழுதிய தொடர் பொருளைத் தெளிவாகக் காட்டாததே காரணமாக இருக்கும்.